வைஸ் எமுலேட்டரின் மானிட்டர்: எந்திர மொழியில் ஒவ்வோர் அடியாக நடப்பதற்கு ஒரு நல்ல கருவி

மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில், ஒரு தொழிற்சாலையின் சில்லு சோதனைப் பிரிவில் 23 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 1972-இல் அந்த வட்டாரம் தொடங்கி, அதே ஆண்டில் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அங்கே அமைத்ததிலிருந்து, தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சில்லுதான் சோறு போட்டது. எங்கள் வேலை மிக எளிதாகச் சொல்லக்கூடியது: ஒரு சில்லு சோதனையில் தோற்றால், அது எத்தனையாவது கடிகாரத் துடிப்பில், எந்தக் காலில், எதற்குப் பதிலாக எதைத் தந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்தப் பழக்கம் ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஜெலுத்தோங்கில் உள்ள என் வீட்டில் ஒவ்வொரு சனிக்கிழமை மாலையும் என் அண்ணன் மகனும் அவனுடைய பள்ளித் தோழர்கள் இருவரும் வந்து உட்கார்ந்து எந்திர மொழி கற்கிறார்கள். அதற்கு நாங்கள் பயன்படுத்துவது வைஸ் என்னும் இலவச எமுலேட்டரை. அதன் உள்ளே இருக்கும் டீபகரை, அதாவது ஓடும் நிரலை நிறுத்திப் பிழை தேட உதவும் பகுதியைப் பற்றி மட்டும், எட்டு மாதம் அன்றாடம் கையாண்ட அனுபவத்தில், இங்கே எழுதுகிறேன். அதை அந்த மென்பொருளே மானிட்டர் என்று அழைப்பதால் நானும் அப்படியே அழைக்கிறேன்.

வைஸ், கமடோர் நிறுவனத்தின் எட்டு பிட் கணினிகளைப் போலச் செய்யும் மென்பொருள். 1990-களில் யூனிக்ஸ் கணினிகளுக்காகத் தொடங்கப்பட்டு இன்றுவரை தன்னார்வலர்களால் வளர்க்கப்படுவது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மூல நிரல் திறந்தது. ஒரு சென் கூடச் செலவில்லை. நாங்கள் பயன்படுத்துவது அதில் 1982-இல் வந்த கமடோர் 64 கணினியைத் துடிப்புக்குத் துடிப்பு துல்லியமாகப் பின்பற்றும் எக்ஸ்64எஸ்சி என்னும் பகுதி. அந்தக் கணினியின் மூளை 6510; அது 1975-இல் 25 டாலருக்கு விற்பனைக்கு வந்த 6502-இன் நெருங்கிய உறவு. மொத்தம் 56 கட்டளைகள், கணக்குப் போட ஒரே ஒரு ரெஜிஸ்டர் (செயலிக்குள்ளேயே ஓர் எண்ணை வைத்துக்கொள்ளும் இடம்), எண்ணிக்கைக்கு இரண்டு ரெஜிஸ்டர்கள். பதினாறு வயதுப் பிள்ளை ஒரு பள்ளி விடுமுறைக்குள் முழுவதையும் மனத்தில் வாங்கிவிட முடிகிற அளவு அது. இன்றைய செயலியில் இதைச் செய்ய முடியாது என்பதால்தான் பழைய எந்திரத்தைத் தேர்ந்தேன். பழமை மீதுள்ள ஏக்கத்தால் அல்ல.

ஒன்றை முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் நினைவக முகவரிகளும் ரெஜிஸ்டர் மதிப்புகளும் பதினாறடிமான எண்கள். பத்து முதல் பதினைந்து வரையிலான இலக்கங்களுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப் என்று எழுதியிருக்கிறேன்.

எமுலேட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆல்ட் விசையுடன் எச் விசையை அழுத்தினால் கணினி உறைந்து நின்று, மானிட்டரின் சாளரம் திறக்கும். கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டுமே. பொத்தான் இல்லை, படம் இல்லை. முதல் நாள் பிள்ளைகளின் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனால் அந்த முதல் நாளிலேயே, நிரல் எதுவும் எழுதாமல், எந்திரத்தைச் சும்மா நிறுத்திப் பார்த்ததிலேயே அரை நாள் போயிற்று. நீலத் திரையில் சுட்டி இமைத்துக்கொண்டு காத்திருக்கும்போது எத்தனை முறை நிறுத்தினாலும் பெரும்பாலும் நான்கே கட்டளைகளுக்குள்தான் நிற்கிறது. இ5சிடி முகவரியில் சி6-இல் உள்ள எண்ணை எடு, அதைச் சிசி-யில் வை, 0292-இலும் வை, எடுத்தது சுழியமானால் மீண்டும் இ5சிடி-க்கே போ. சி6 என்பது தட்டப்பட்டு இன்னும் படிக்கப்படாத விசைகளின் எண்ணிக்கை. விசை எதுவும் தட்டப்படாத வரையில் அந்த எந்திரம் இந்த நான்கு வரிகளைத்தான் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இசட் என்று தட்டினால் ஒரு கட்டளை நடக்கும். அதன்பின் வெறும் என்டர் தட்டினால் அதே கட்டளை திரும்பும். ஒவ்வோர் அடிக்கும் ரெஜிஸ்டர்களின் மதிப்பும், முந்தைய கட்டளைகளின் விளைவை 0 அல்லது 1 ஆகக் காட்டும் கொடிகளும் வரியாக வந்து விழும். அப்படி எட்டுப் பத்து முறை தட்டியதும் அண்ணன் மகன் கேட்டான்: “அத்தை, நடுவுல ரெண்டு தடவை ஸ்டோர் பண்ணுது, அப்புறம்தான் சுழியமான்னு பார்க்குது. எதைப் பார்த்துச் சுழியம்னு சொல்லுது?” கேள்வி அருமையானது. எண்ணை எடுக்கும் கட்டளை சுழியக் கொடியை மாற்றும். எண்ணை வைக்கும் கட்டளை கொடி எதையும் தொடாது. ஆகவே முதல் கட்டளை ஏற்றிய கொடி இரண்டு வரி தாண்டியும் அப்படியே நிற்கிறது. இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தால் மறந்துபோகும். கொடி வரிசையில் அந்த 1 அசையாமல் நிற்பதைத் தன் கண்ணால் மூன்று சுற்று பார்த்தவன் மறக்கவில்லை.

அடுத்த கேள்வி தானாக எழுந்தது. இந்த நான்கு வரிகளில் எதுவும் சி6-ஐ மாற்றவில்லை. பின் யார் மாற்றுகிறார்கள்? மானிட்டரில் வாட்ச் என்னும் கட்டளை இதற்காகவே இருக்கிறது. சி6-இல் யாராவது எழுதினால் நிறுத்து என்று சொல்லிவிட்டு எந்திரத்தை ஓடவிட்டு, ஒரு விசையைத் தட்டினோம். உடனே நின்றது; ஆனால் நின்ற இடம் அந்தச் சுற்றில் அல்ல, விசைப்பலகையைத் துழாவும் வேறொரு துணைநிரலில். விநாடிக்கு 60 முறை வரும் இன்டரப்ட் ஒன்று, சுற்றிக்கொண்டிருந்த நிரலை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டு இங்கே வந்து, தட்டிய எழுத்தை 0277-இல் தொடங்கும் பத்து இடங்கள் கொண்ட வரிசையில் போட்டு, எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டுத் திரும்பிப் போகிறது. இன்டரப்ட் என்றால் என்ன என்பதைப் பல ஆண்டுகள் பலருக்கு விளக்கியிருக்கிறேன். இவ்வளவு குறைந்த பேச்சில் விளங்கவைத்தது இதுவே முதல் முறை.

ஒரு டீபகர் எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. இந்த மதிப்புரையும் அதைத்தான் அளவுகோலாகக் கொள்கிறது. பார்ப்பதால் பார்க்கப்படும் பொருள் மாறக் கூடாது. தொழிற்சாலையில் அலைகாட்டியின் முனையைச் சில்லின் காலில் வைத்த மாத்திரத்தில், அந்த முனையின் சிறு மின்தேக்கமே சிக்னலை மெல்ல மாற்றிவிடும். முனையை வைத்தால் தேறுகிற சில்லு, எடுத்தால் தோற்கும். அப்படிப்பட்ட இரவு வேலைகளை நான் இன்றும் மறக்கவில்லை. கமடோர் 64-இலும் இதே சிக்கல் உண்டு. டிசி0டி என்னும் முகவரியில் இன்டரப்ட் எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இருக்கும். அதைச் செயலி ஒருமுறை படித்துவிட்டால் குறிப்பு அழிந்துவிடும். டீபகரும் அந்த இடத்தைச் செயலியைப் போலவே படித்தால், நாம் எட்டிப் பார்த்ததாலேயே நிரல் தடம் மாறிவிடும். வைஸின் மானிட்டர், நாம் வேறு விதமாகக் கேட்டாலொழிய, இத்தகைய இடங்களைப் பக்கவிளைவு இல்லாமல் காட்டுகிறது. தேவையானால் அந்த அமைப்பை மாற்றி, செயலி படிப்பது போலவே படிக்கவும் வைக்கலாம். அடுத்தடுத்து இரண்டு முறை டிசி0டி-யைப் பார்த்து இரண்டு முறையும் ஒரே மதிப்பு வந்தபோதே, இதை எழுதியவர்கள் வேலை தெரிந்தவர்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நேரமும் அப்படித்தான். நாம் நிறுத்தும்போது செயலி மட்டுமல்லாமல், திரை வரையும் சில்லு, கடிகாரங்கள், ஒலிச் சில்லு எல்லாமே ஒரே துடிப்பில் நிற்கின்றன. தேநீர் குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து வந்து அடுத்த அடியை எடுத்து வைத்தாலும், எந்திரத்துக்கு இடையில் ஒரு துடிப்பும் கடக்கவில்லை. உண்மையான கணினியில் செயலியை மட்டும் நிறுத்திவிட்டுக் கடிகாரங்களை ஓடவிட்டால், தொடர்ந்ததும் குவிந்துகிடக்கும் இன்டரப்ட் முன்னால் வந்து நிற்கும். இங்கே அந்தத் தொல்லை இல்லை.

இனி, இந்தக் கருவியின் அருமையை முழுமையாகக் காட்டிய ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு முன்பாக அண்ணன் மகன், திரையின் கடைசி வரியில் தமிழ் வாழ்த்து ஒன்று ஓடும்படி நிரல் எழுதத் தொடங்கினான். எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் தமிழ் எழுத்தை அடக்குவதே பெரும்பாடு. ணகரமும் ஞகரமும் மூச்சுத் திணறின. எப்படியோ பன்னிரண்டு உயிரையும் பதினெட்டு மெய்யையும் கட்டத்தாளில் வரைந்து, ஓர் எழுத்துக்கு எட்டு பைட்டாக 4000-இல் அடுக்கினான். நிரல் ஒவ்வோர் எழுத்தாக அதை 3000-இல் உள்ள எழுத்துத் தொகுதிக்கு நகலெடுக்கும். மெய் என்றால் மேல் வரியில் ஒரு புள்ளியும் சேர்க்கும். ஓடவிட்டுப் பார்த்தால், அகரம் முதல் ஔகாரம் வரை அத்தனையும் அழகாக இருந்தன. ககர மெய்யும் சரி. ங் மட்டும் ஒரு வரி மேலே ஏறி, அதன் காலடியில் அடுத்த எழுத்தின் தலை எட்டிப் பார்த்தது. ச் இரண்டு வரி மேலே. ஞ் மூன்று. ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போய், ப் இருக்க வேண்டிய இடத்தில் ம் முழு வடிவத்தோடு குறையில்லாமல் நின்றது. புள்ளிகள் மட்டும் எல்லா எழுத்துக்கும் சரியான இடத்தில் இருந்தன.

அவன் வரைந்த தாளில் தப்பு இருக்கும் என்று இரண்டு நாள் பைட் பைட்டாக எண்ணிச் சரிபார்த்தான். தாளில் தப்பில்லை. சனிக்கிழமை வந்ததும், “கண்ணா, தாளை மூடி வை, எந்திரத்தையே கேட்போம்” என்றேன். ஓர் எழுத்து முடிந்ததும் மூல முகவரியோடு எட்டைக் கூட்டும் கட்டளை 0834-இல் இருந்தது. அந்த இடத்துக்கு வந்ததும் எந்திரம் நிற்கும்படி அங்கே ஒரு பிரேக் வைத்தோம். முதல் எழுத்துக்கு நின்றது: ஏ ரெஜிஸ்டரில் 00, கொடிகளின் கடைசி இலக்கமான கேரி, அதாவது கூட்டலில் மிஞ்சும் ஒன்றை வைத்திருக்கும் கொடி, 0. ஓர் அடி, ஏ-யில் 08. சரி. இரண்டாவது எழுத்து: 08, ஓர் அடி, 10 (பதினாறடிமானத்தில் எட்டும் எட்டும் 10). சரி. பன்னிரண்டு முறை இப்படியே நின்று நின்று போனது. பதின்மூன்றாவது முறை ஏ-யில் 60; கொடி வரிசையின் கடைசியில் 1. இசட் தட்டினோம். 68 வர வேண்டிய இடத்தில் 69 வந்தது.

6502-இல் கேரியைச் சேர்க்காமல் கூட்டும் கட்டளையே கிடையாது. கூட்டுவதற்கு முன் கேரியை அழிக்க வேண்டியது எழுதுபவரின் பொறுப்பு, அவன் மறந்துவிட்டான். மறந்தும் முதல் பன்னிரண்டு எழுத்து ஏன் சரியாக வந்தது என்பதுதான் சுவையான கேள்வி. அதற்கு மானிட்டரில் சிஹிஸ் என்னும் கட்டளை விடை சொன்னது. அது, நின்ற இடத்திலிருந்து பின்னோக்கி, செயலி இதுவரை செய்த கட்டளைகளின் பதிவைக் காட்டும். அதில், கூட்டலுக்குச் சற்று முன்பாக, இந்த எழுத்து உயிரா மெய்யா என்று பார்க்க எழுத்தின் எண்ணைப் பன்னிரண்டோடு ஒப்பிடும் வரி தெரிந்தது. ஒப்பிடும் எண் சிறியதாக இருந்தால் அந்தக் கட்டளை கேரியை 0 ஆக்கும். சமமாகவோ பெரியதாகவோ இருந்தால் 1 ஆக்கும். உயிரெழுத்துக்கு எல்லாம் கேரி 0. மெய் தொடங்கியதும் 1. அதன் பிறகு புள்ளி வைக்கும் வரிகள் எவையும் கேரியைத் தொடுவதில்லை. ஆகவே ககரத்தைச் சரியாக நகலெடுத்துவிட்டு, எட்டுக்குப் பதில் ஒன்பது கூட்டினான். அடுத்த எழுத்துக்கு இன்னொன்று. எட்டு எழுத்து தாண்டியதும் மிகை சரியாக எட்டாகி, அடுத்த எழுத்தே முழுதாக வந்து உட்கார்ந்தது. புள்ளிகள் ஏன் இடம் மாறவில்லை என்றால், போய்ச் சேரும் முகவரியைக் கூட்டும் இடத்தில் அவன் கேரியை அழிக்க மறக்கவில்லை. எழுத வேண்டியிருந்தது ஒரே ஒரு பைட்: கேரியை அழிக்கும் கட்டளையான 18. சேர்த்ததும் பகரம் தன் இடத்துக்கு வந்தது.

பிழை தீர்ந்ததைவிட, பிழையின் ஒவ்வொரு விவரத்துக்கும் காரணம் கிடைத்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி. சிஹிஸ் இல்லாவிட்டால், பின்னோக்கி ஊகித்து முன்னே எங்கோ ஒரு பிரேக் வைத்து மீண்டும் முதலிலிருந்து ஓட்டியிருப்போம். பழகிய பிறகு பன்னிரண்டு முறை நிற்கவும் தேவையில்லை. ஏ-யில் 60 இருந்தால் மட்டும் நில் என்று பிரேக்கோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். அன்றைக்கு வேண்டுமென்றே அதைச் சொல்லித்தரவில்லை. பன்னிரண்டு முறை 0 பார்த்த கண்ணுக்குத்தான் பதின்மூன்றாவது 1 உறைக்கும்.

வாழ்த்தை ஓடவிடும்போது இன்னொன்று வந்தது. கடைசி வரி 07சி0-இல் தொடங்குகிறது; அதன் நாற்பது எழுத்துகளையும் இடப்பக்கம் ஓரிடம் நகர்த்த முப்பத்தொன்பது முறை சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 16 துடிப்பு என்று கணக்குப் போட்டு, தொடக்கத்தையும் முடிவையும் சரிக்கட்டி, மொத்தம் 625 என்று அவன் தாளில் எழுதியிருந்தான். மானிட்டரின் ரெஜிஸ்டர் வரியிலேயே திரையின் எந்த வரியை, அந்த வரியில் எத்தனையாவது துடிப்பில் வரைந்துகொண்டிருக்கிறது என்பதும், கடந்த துடிப்புகளை எண்ணும் ஒரு நிறுத்தக் கடிகாரமும் இருக்கின்றன. கடிகாரத்தைச் சுழியமாக்கி, இன்டரப்ட்களை நிறுத்திவிட்டு அளந்தால், சில சமயம் 625. சில சமயம் நாற்பதுக்கு மேல் கூடுதல். ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் ஒரு திரை வரிக்கு 63 துடிப்பு. எழுத்துகள் தெரியும் பகுதியில் எட்டு வரிக்கு ஒருமுறை, திரை வரையும் சில்லு அடுத்த வரிசை எழுத்துகளைப் படிப்பதற்காகச் செயலியை நாற்பது துடிப்புக்கும் மேலாக நிறுத்திவைக்கிறது. கணக்குத் தவறவில்லை, நேரத்தை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். வேலையைத் திரையின் கீழ் விளிம்புக்குத் தள்ளியதும் ஒவ்வொரு முறையும் 625 வந்தது. தாளில் போட்ட எண்ணும் எந்திரம் காட்டிய எண்ணும் கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனதைப் பார்த்து மூன்று பிள்ளைகளும் கைதட்டினார்கள். நானும்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும், அவை சிறியவை அல்ல. மானிட்டரில் தட்டும் எண்கள் எல்லாம் இயல்பாகவே பதினாறடிமானம். 10 என்று தட்டினால் பதினாறு. பதின்ம எண் வேண்டுமானால் முன்னால் கூட்டல் குறி போட வேண்டும். தொடக்கத்தில் பிள்ளைகள் இதில் பலமுறை தடுக்கினார்கள். தவறான இடத்தில் பிரேக் வைத்துவிட்டு நிற்கவில்லையே என்று காத்திருந்தார்கள். எச்சரிக்கையும் கிடையாது, கொடுத்த முகவரியை நம்பி ஏற்றுக்கொள்கிறது. உதவிப் பக்கம் முழுமையானதுதான், ஆனால் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கு நினைவூட்டுவதற்காக எழுதப்பட்டது. புதிதாக வருபவருக்குக் கைபிடித்துக் காட்டுவது அல்ல. கட்டளைகளை ஒரு தாளில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிய பிறகுதான் எங்கள் பாடம் ஓடியது.

அடி அடியாகப் பின்னால் போக முடியாது என்பது எனக்கு உண்மையான குறை. சிஹிஸ் பழைய கட்டளைகளைக் காட்டுமே தவிர, எந்திரத்தை அந்தப் பழைய நிலைக்குக் கொண்டுபோகாது. இதற்கு நாங்கள் கண்ட வழி, சந்தேகமான இடத்துக்குச் சற்று முன்பே டம்ப் கட்டளையால் எந்திரத்தின் முழு நிலையையும் ஒரு கோப்பாகச் சேமித்துவைத்து, தாண்டிப் போய்விட்டால் அன்டம்ப் மூலம் திரும்பி வருவது. வேலை நடக்கிறது. ஆனால் சேமிக்க நினைவிருந்தவனுக்கு மட்டும்.

இன்னொன்று, எழுத்துத் தரவும் நிரலும் நினைவகத்தில் அருகருகே இருக்கும்போது, தவறான பைட்டிலிருந்து பிரித்துப் படிக்கச் சொன்னால் மானிட்டர் தரவையும் கட்டளையாகவே வாசித்துக் காட்டும். எந்த டீபகருக்கும் இது பொது. இதற்கு மருந்து பெயர்கள். எழுத்தில் எழுதிய கட்டளைகளை எந்திர மொழியாக்கும் ஆக்மி, 64டாஸ் போன்ற அசெம்பிளர்கள் வைஸ் புரிந்துகொள்ளும் வடிவில் பெயர்ப் பட்டியலை எழுதித் தருகின்றன; அதை மானிட்டரில் ஏற்றிவிட்டால் வெற்று எண்களுக்குப் பதில் நாம் வைத்த பெயர்கள் தெரியும். அண்ணன் மகன் தன் நிரலில் உள்ள துணைநிரல்களுக்குப் புள்ளிவை, நகர்த்து என்று தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் பெயராக வைத்திருக்கிறான். அவை திரையில் வந்து நிற்கும்போது, கண்ணுக்குத் தெரியும் பாதை பாதியாகக் குறைகிறது. தமிழ் எழுத்திலேயே வைக்க முடிந்தால் இன்னும் நன்றாக இருக்கும். இப்போதைக்கு அந்த ஆசை நிறைவேறவில்லை.

படமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு, வைஸின் எந்திரத்தையே உள்ளே வைத்துக்கொண்டு நினைவகம் முழுவதையும் ஒளிரும் புள்ளிகளாகக் காட்டும் ரெட்ரோ டீபகர் என்னும் வேறொரு இலவச மென்பொருள் இருக்கிறது. எந்தப் பைட் படிக்கப்படுகிறது, எது எழுதப்படுகிறது என்பது நிறமாக மின்னும். பிள்ளைகளுக்கு அது மிகவும் பிடித்தது. அதைப் பார்த்து முதல் நாள் வாட்டம் நீங்கியது என்றே சொல்லலாம். ஆனாலும் பாடத்துக்கு நான் மானிட்டரையே வைத்திருக்கிறேன். எல்லாம் ஒரே சமயத்தில் மின்னும்போது கண் அலைகிறது. ஒரு வரியாக வரும்போது அந்த ஒரு வரியைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

மெய்நிகர்க் கணினியில் மட்டுமல்லாமல் அதனுடன் இணைந்த வட்டு இயக்கியிலும் இதே மானிட்டர் நடக்கிறது என்பது பலர் கவனிக்காத செய்தி. 1541 வட்டு இயக்கி வெறும் பெட்டி அன்று. அதற்குள் தனியாக ஒரு 6502-உம் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு. வைஸ் அதையும் முழுமையாகப் போலச் செய்வதால், மானிட்டரில் கருவி எண் 8 என்று சொன்னால், கட்டளைக் குறியின் முன்னெழுத்து மாறி, இயக்கியின் செயலிக்குள் நுழைந்துவிடுகிறோம். அங்கேயும் அதே இசட், அதே பிரேக், அதே கொடிகள். ஒரே கம்பியின் இரு முனையிலும் இரண்டு செயலிகள் ஒன்றுக்கொன்று பிட் பிட்டாகப் பேசிக்கொள்வதை இரண்டு பக்கத்திலிருந்தும் நிறுத்திப் பார்க்க முடிவது, நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு முழு மேசை நிறையக் கருவி இல்லாமல் நடக்காத காரியம்.

வாங்கலாமா என்று கேட்க இது விலைக்கு உரிய பொருளன்று. எந்திர மொழியைக் கற்பிக்க நினைப்பவர், கற்க நினைப்பவர் இருவருமே தயங்காமல் நிறுவிக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் அது ஓடுவது, ஜார்ஜ் டவுனில் ஒரு கடையில் பழையதாக வாங்கிய மடிக்கணினியில். முதல் மூன்று வாரம் கட்டளைகளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். அருகில் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அது ஒரு வாரமாகக் குறையும். என்ன நடந்தது என்று மட்டும் அறிந்து கடந்துபோக விரும்புபவருக்கு இது பொருந்தாது. ஏன் நடந்தது என்று ஒவ்வோர் அடியிலும் நின்று கேட்பவருக்கு இதைவிட நல்ல கருவியை நான் இன்னும் கையாளவில்லை.

இப்போது பிள்ளைகள் வட்டு இயக்கியின் பக்கம் போயிருக்கிறார்கள். கணினி ஒரு பைட் அனுப்பும்போது, எட்டு பிட்டும் எந்த வரிசையில் கம்பியில் போகின்றன என்பதை இயக்கியின் பக்கமிருந்து எண்ணிச் சொல்ல வேண்டும் என்பது நான் கொடுத்திருக்கும் வேலை. போன சனிக்கிழமை இருட்டும் வரை உட்கார்ந்து ஐந்து பிட் வரை வந்திருக்கிறார்கள். ஆறாவதுக்கு முன்பாக நிலையைச் சேமித்து வைத்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.